துவைக்காத சட்டை

பிப்ரவரி 3, செவ்வாய்

அகராதி அலுவலகத்தில் இன்று எனக்குக் குதிரை கிடைத்தது. குதிரையும் அதைச் சுற்றியுள்ள சொற்களும் கதைகளும். ஆசிரியர் அட்டைப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, "உங்க வீடு லாயத்துக்குள்ளதானேம்மா? அப்ப இது உங்களுக்குத்தான்" என்றார். நான் "உம்" என்றேன். இங்கே எனக்குப் பெயரே 'உம்'தான். பிழை திருத்தும் அக்கா வைத்தது. பதிலுக்கு அவளைக் கமா அக்கா என்கிறார்கள். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள்.

"குதிரை, கடிக்குமா, உம், இல்ல, உதைக்க மட்டும்தான் செய்யுமா?"

"ரெண்டும்" என்றேன். நாள் முழுக்க நான் பேசியது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் ரத்தம். புதுசு வந்திருக்கிறது. பழக்கி முடியாத குதிரைக்கு இங்கே பெயர் கிடையாது, எதுவானாலும் 'புதுசு'. கருஞ்சிவப்பு நிறம், பெண். வண்டியிலிருந்து இறக்கும்போது ஓட்டுநரின் காதில் பாதியைக் கடித்துத் துப்பிவிட்டதாம். அந்தப் பாதியைத் தேடி இருவர் வைக்கோலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே குதிரை பழக்குகிறவன் என் அண்ணன்தான். அதைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். தையல் மெஷினுக்கு நூல் கோத்தாள்.

பிப்ரவரி 5, வியாழன்

அண்ணி சட்டையைத் தைத்து முடித்துவிட்டாள். கூடாரத் துணி, முழுக்கை, கழுத்துவரை பொத்தான்.

ஒவ்வொரு புதுசுக்கும் ஒரு சட்டை. பழக்குகிறவன் முதல் நாள் போட்டால் குதிரை முழுதாக வழிக்கு வரும்வரை அதையேதான் போட வேண்டும்; துவைக்கக் கூடாது. வியர்வை, ரத்தம், சாணம் எல்லாம் அதிலேயே ஊற வேண்டும். வலி எந்த வாசனையோடு வருகிறது என்று குதிரை கற்றுக்கொள்கிறது. பிறகு அந்த வாசனை வந்தாலே போதும்.

இதையொட்டி லாயத்தில் ஒரு சட்டமும் உண்டு. எந்தச் சுவரிலும் எழுதியிருக்காது, எல்லோருக்கும் தெரியும். சட்டையோடு உள்ளே போனவனைக் குதிரை தாக்கினால் அது திருந்தாத குதிரை, சுட்டுவிடுவார்கள். சட்டை இல்லாமல் போனவன் அடிபட்டால் பழி அவனுக்கு; வேலை போய்விடும்.

அண்ணன் இன்று தொடங்கிவிட்டான். முன்னங்கால் ஒன்றை மடக்கிக் கட்டி, மேல் உதட்டில் கயிற்றுச் சுருக்கைப் போட்டுக் கட்டையால் முறுக்கி, பக்கவாட்டில் இழுத்துச் சாய்த்தார்கள். அது விழுந்த சத்தத்தில் சமையலறைத் தட்டுகள் அதிர்ந்தன. பிறகு சவுக்கு. அம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

நான் அட்டையில் எழுதினேன்: சவுக்கு, லகான், சேணத்தைக் குறிக்கும் ஜீனி — மூன்றும் பாரசீகத்திலிருந்து வந்தவை.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலை முதல் சவுக்குச் சத்தம். மத்தியானம் குதிரைக்கு ஓய்வு. அண்ணிக்கு இல்லை.

பிப்ரவரி 11, புதன்

'குதி' என்ற வினையிலிருந்து குதிரை என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். குதிப்பது குதிரை. ஆனால் ஒரு பழைய கட்டுரை வேறொன்று சொல்கிறது. மேற்கே அழிந்துபோன ஒரு மொழியில் 'சுமத்தல்' என்ற பொருளில் இதே மாதிரி ஒரு வேர் உண்டாம். அதன்படி பார்த்தால் குதிரை என்பது சுமப்பது. ஆசிரியரிடம் இரண்டையும் காட்டினேன்.

"ரெண்டுல ஒண்ணைத் தள்ளணும்மா. அகராதின்னா ஒரு முடிவு வேணும்" என்றார்.

அண்ணியின் இடது புருவம் கிழிந்திருக்கிறது. கேட்டேன்.

"அலமாரிக் கதவு."

"நம்ம வீட்டு அலமாரிக்குக் கதவே இல்லையே அண்ணி."

"அதான் பாரு, இல்லாத கதவே இந்த இடி இடிக்குது" என்று சிரித்தாள். சிரித்ததில் தையல் பிரிந்து மறுபடி ரத்தம் வந்தது. அந்தத் தையலையும் அவளே போட்டிருந்தாள். வெள்ளை நூல்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணனைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு. அன்றே லாயத்துக்குள் போனான். என் ஒவ்வொரு வருடப் படிப்புக்கும் அவன் உடம்பில் ஒரு அடையாளம் இருக்கிறது: முதல் வருடம் முன்பற்கள், இரண்டாம் வருடம் இடது மணிக்கட்டு, மூன்றாம் வருடம் விலா. பட்டமளிப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, என் பெயரைக் கூப்பிட்டதும் விசில் அடித்தான். பல் இல்லாத விசில், காற்றுதான் வந்தது. இன்றைக்கும் சம்பள நாளில் எனக்குப் பேனா வாங்கி வருகிறான். இதை எழுதுவதே அந்தப் பேனாவில்தான்.

இன்று முற்றத்துக்குக் கூப்பிட்டான். "வா, உன் அகராதில இல்லாத ஒண்ணு காட்டறேன்."

சட்டையைக் கழற்றி நீளக் கம்பில் மாட்டி, தான் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, கம்பை மட்டும் பாதிக் கதவுக்கு மேலே நீட்டினான். உள்ளே நின்ற புதுசு மூலைக்குப் பாய்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. தொடை நடுங்கியது. நின்றபடியே மூத்திரம் போனது. முதுகெல்லாம் வரி வரியாகத் தோல் உரிந்திருக்க, அதன் மேல் ஈ.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாத்தியா! வெறும் சட்டை!"

பார்த்தேன். வெறும் சட்டைதான்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்றைய கதை: ஒரு ராஜா தன் குதிரைகளை மனித மாமிசம் போட்டு வளர்த்தான். வழிதவறி வந்த விருந்தாளிகளை எல்லாம் தொட்டியில் தள்ளினான். கடைசியில் ஒரு வீரன் வந்து ராஜாவையே பிடித்து அவற்றுக்குப் போட்டான். தின்று முடித்ததும் குதிரைகள் சாதுவாகிவிட்டன.

கமா அக்கா படித்துவிட்டு, "நல்ல, பசி" என்றாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

'வடவை' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். வடவை என்றால் பெண் குதிரை. கடலுக்கு அடியில் பெண் குதிரையின் முகத்தோடு ஒரு தீ எரிந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள். கடல் தண்ணீர் முழுவதையும் குடித்தாலும் அணையாது. கடல்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. உலகம் முடிகிற நாளில் வெளியே வருமாம்.

இன்னொன்று. சூரியனின் மனைவிக்குக் கணவனின் வெப்பம் தாங்கவில்லை. தன் நிழலைத் தன்னைப்போலவே செய்து வீட்டில் வைத்துவிட்டு, பெண் குதிரையாக மாறிக் காட்டுக்குப் போய்விட்டாள். அவனுக்கு ரொம்ப நாள் தெரியவே இல்லை. நிழல் சமைத்தது, நிழல் படுத்தது.

மாலையில் அண்ணன் அண்ணியை அடித்தான். குழம்பில் உப்பு என்றான். உப்பு சரியாகத்தான் இருந்தது, நானும் அதைத்தானே சாப்பிட்டேன். முடியைச் சுற்றிப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுத்து, "வாயத் தொற. தொறடி" என்று அந்தக் குழம்புக் கரண்டியையே — லகான் மாட்டுகிற மாதிரி — பல் இடுக்கில் கொடுத்து — அவனுக்குக் கை பழகிப்போன வேலை அது. அதே கை. குதிரையிடம் போடுகிற அதே 'ஹோ, ஹோ' சத்தம்.

நான் என்ன செய்தேன்? தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஜன்னலைச் சாத்தினாள். ஏன் ஒரு வார்த்தை வரல எனக்கு? வேலையே வார்த்தைதானே?

பிறகு அண்ணி வாயைக் கொப்பளிக்க நான் தண்ணீர் ஊற்றினேன். துப்பியதில் ஒரு பல் துண்டு. "விடு பாப்பா, அது ஏற்கெனவே ஆடிட்டிருந்தது" என்றாள்.

நிழல்தான் பேசுகிறது என்று தோன்றியது.

மார்ச் 2, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று வரிசையாக எழுதிவிட வேண்டும்.

ஞாயிறு காலை குதிரையின் முதலாளி பார்க்க வந்தார். அண்ணன் சட்டையோடு உள்ளே போய்ப் புதுசை வெளியே நடத்தி வந்தான். அது தலையைத் தொங்கவிட்டு நின்றது. ஜீனி போட்டான், நின்றது. காலைத் தூக்கிக் காட்டினான், நின்றது. முதலாளி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார்.

"அந்த நாத்தத்தைக் கழட்டிப் போட்டுட்டு நில்லுய்யா, பாப்போம்."

"இன்னும் ஒரு வாரம் போகட்டும் சார்."

"அப்ப அது உனக்குப் பயப்படல. சட்டைக்குப் பயப்படுது. சம்பளத்தைச் சட்டைக்கே குடுத்துடலாம் போல."

புல் சுமக்கிறவர்கள், லாடம் அடிக்கிறவர், மேனேஜர் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அவன் கழுத்து மட்டும் சிவந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைப் பின்வாசல் ஆணியில் மாட்டினான். சோப்புப் போட்டுக் குளித்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். லாயத்து ஆட்கள் எல்லாம் முன்கட்டிடத்தில் சாப்பிடப் போயிருந்த நேரம்.

"அந்தச் சட்டைய யாருடி தைச்சது?"

"நான்தாங்க."

"அப்ப சம்பளம் உனக்குத்தான்."

வேடிக்கையாகத்தான் சொல்கிறான் என்று நினைத்து அண்ணி சிரித்தாள். ஒரு நொடிதான். தட்டு அவள் முகத்தில் வந்து மோதியது. எழுந்து முடியைப் பிடித்துக் கதவுச் சட்டத்தில் தலையை இடித்தான். ஒன்று, இன்னொன்று. கீழே தள்ளி விலாவில் உதைத்தான். இழுத்த இழுப்பில் அவள் மேலே போட்டிருந்த துணி தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து அவன் கையோடு போனது. பெல்ட்டை உருவினான். அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

நான் எழுந்தேன். அதுதான் எனக்கே தெரியவில்லை, எப்படி எழுந்தேன்? அவன் கையைப் பிடித்துத் தொங்கினேன். என்னை உதறினான், மேசை விளிம்பில் என் வாய் அடித்தது. அவன் என்னைப் பார்த்த அந்த இடைவெளியில் அண்ணி பின்வாசல் வழியாக ஓடினாள். உடம்பை மறைக்க ஆணியில் இருந்ததை உருவிக்கொண்டாள். ஓடிக்கொண்டே கைகளை நுழைத்தாள்.

அது புதுசின் சட்டை.

முற்றத்தில் யாரும் இல்லை. அவள் நேராகப் புதுசின் அறைத் தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே போய்விட்டாள். ஏன் அங்கே என்று பிறகு கேட்டேன். "அங்க மட்டும்தான் பின்னாடி யாரும் வரமாட்டாங்கன்னு தோணுச்சு."

அண்ணன் சவுக்கை எடுத்துக்கொண்டு நடந்தான். ஓடவில்லை, நடந்தான். நான் முந்திப்போய்ப் பாதிக் கதவுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். ஒரு சுவரோரம் அண்ணி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர் மூலையில் புதுசு காதை மடக்கி நடுங்கிக்கொண்டு நின்றது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

திரும்பினேன். அண்ணன் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தான். வெள்ளைச் சட்டை. சோப்பு வாசனை.

"அண்ணா நில்லு! சட்டை இல்லாம உள்ள போகாத!"

கத்தினேன். என் தொண்டைக்குள் அவ்வளவு பெரிய சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது.

அவன் நின்றான். மெதுவாகத் திரும்பினான். அடிபட்ட முகம், நான் அவனைச் செருப்பால் அடித்த மாதிரி.

"நீயுமா? நீயும் சட்டைங்கிறியா?"

"அண்ணா, அது உன்னை மோந்து பாத்தா —"

"நான் படிக்க வெச்ச வாய் எனக்குக் குதிரை சொல்லிக் குடுக்குது. அது எனக்குப் பயப்படுது. எனக்கு! பாக்கறியா?"

உள்ளே போனான்.

புதுசு மூக்கை விடைத்து மோந்தது. ஒருமுறைதான். நடுக்கம் நின்றது, விளக்கை அணைத்த மாதிரி. அண்ணன் சவுக்கை ஓங்கினான். இறக்கவில்லை. அது அவன் தோளைக் கடித்துத் தரையிலிருந்து தூக்கியது. எழுபது கிலோ ஆள், துணிமூட்டை மாதிரி தொங்கினான். இந்தப் பக்கம் ஒரு உலுக்கல், அந்தப் பக்கம் ஒரு உலுக்கல், தோள்பட்டை எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே போட்டது. முன்னங்கால்களை மடக்கி அவன் நெஞ்சின் மேல் மண்டியிட்டது — மாவு பிசைகிற மாதிரி. எழுந்து, அவன் தொடையை மிதித்துத் திரும்பி, பின்னங்காலால் ஒரே உதை. தாடை அதன் இடத்தில் இல்லை. வெள்ளைச் சட்டையில் வெள்ளையே இல்லை. அவன் "அம்மா" என்று சொல்லப் பார்த்தான். 'ம்' வருவதற்கு உதடு சேரவில்லை.

மறுபடி முன்னங்கால்களைத் தூக்கியது. இந்தமுறை தலைக்கு.

அண்ணி எழுந்தாள். அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள். அவனுக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து நின்று, கைகளை விரித்தாள். சட்டைக் கை அவளுக்கு நீளம், விரல் வெளியே தெரியவில்லை. சட்டைதான் நின்றது.

குதிரை அந்தரத்திலேயே திரும்பியது போலிருந்தது. குளம்பு அவள் காதருகே காற்றைக் கிழித்துச் சுவரில் இறங்கி, காரை உதிர்ந்தது. பின்வாங்கி மூலைக்குப் போனது. நடுங்கியது. மூத்திரம் போனது.

அண்ணி அவன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் காலைப் பிடித்தேன். வெளியே வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

மார்ச் 3, செவ்வாய்

உயிருக்கு ஆபத்தில்லை. தாடையைக் கம்பி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர். தோள், ஐந்து விலா, தொடை எல்லாம் முறிவு.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் வெள்ளிக்கிழமை விசாரிப்பாராம்.

"சட்டை போட்டிருந்தான்னு சொல்லிடு. ஒரே ஒரு வார்த்தை. யாருக்குத் தெரியப் போகுது? சட்டையில அவன் ரத்தம் இருக்கு."

உண்மை. அவனை இழுத்தபோது அண்ணியின் முன்பக்கமெல்லாம் நனைந்துவிட்டது. ஆட்கள் வந்தபோது அவள் அதைக் கழற்றி, கீழே கிடந்த அவன்மேல் போர்த்தியிருந்தாள். தான் ஒரு கோணியைச் சுற்றிக்கொண்டு நின்றாள். சட்டை அவனுடையது, ரத்தம் அவனுடையது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அப்படிச் சொன்னால் அவன் வேலையும் வைத்தியச் செலவும் லாயத்தின் பொறுப்பு. குதிரையைச் சுட்டுவிடுவார்கள்.

"ஒரு மிருகத்துக்காகவா உன் அண்ணனைத் தெருவுல விடப்போற? உன் படிப்பு எதுல வந்துச்சு?"

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் கஷ்டம்.

மார்ச் 4, புதன்

அலுவலகம் போனேன். வீங்கிய என் உதட்டைக் கமா அக்கா பார்த்தாள். ஒரு வாக்கியத்தை நிறுத்தாமல் முடித்தாள்: "என் வீட்டு மாடியறை காலியாத்தான் இருக்கு."

மார்ச் 5, வியாழன்

அண்ணியிடம் கேட்டேன். அவள் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கண் இன்னும் திறக்கவில்லை.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க அண்ணி?"

"என்னைக் கூப்பிடவே இல்லையே. பொண்டாட்டி சொன்னா எடுபடாதாம். படிச்ச பொண்ணு சொன்னாப் போதுமாம்."

"நான் என்ன சொல்லட்டும்?"

ரொம்ப நேரம் சக்கரத்தைச் சுற்றினாள்.

"எனக்காகன்னு ஒண்ணும் சொல்லாத பாப்பா. அப்புறம் நான் உனக்குக் கடன்பட்ட மாதிரி ஆயிடும். நீ உன் அண்ணனுக்குப் பட்ட மாதிரி. அந்தக் குதிரை எதிர்ல நின்னுச்சு பாரு, அது என்னை ஒண்ணும் செய்யல. நான் போட்டிருந்ததைப் பாத்து நடுங்குச்சு. எனக்கு அதைப் பாக்க என்னமோ — நானும் அப்படித்தானே நிப்பேன், அவர் செருப்புச் சத்தம் கேட்டா?"

எண்ணெய் மேசையெல்லாம் ஒழுகியது. துடைக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மேனேஜர் அறை. சுவரில் ஏழெட்டு ஜீனி, மருந்து எண்ணெய் நாற்றம், மேசைமேல் காகிதம் பறக்காமல் ஒரு லாடம். மூலையில் துப்பாக்கியைச் சாத்தி வைத்திருந்தார். துடைத்து, எண்ணெய் போட்டு, தயாராக. குதிரையின் முதலாளியும் இருந்தார். கைக்குட்டை இல்லாமல்.

"பயப்படாதம்மா. உன் அண்ணன் சட்டை போட்டிருந்தானா? ஆமா, இல்ல. அவ்வளவுதான்."

எவ்வளவு சுலபம். என் பெயரே போதும். 'உம்' என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"இல்ல."

மேனேஜர் நிமிர்ந்தார். அவரும் மற்ற பதிலுக்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அண்ணனை அவருக்குப் பிடிக்கும்.

"அவன்மேல கிடந்துச்சேம்மா?"

"அப்புறம் போர்த்தினது. அவன் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டைய அண்ணி போட்டிருந்தாங்க."

"அவ எதுக்கு அதைப் போட்டா?"

லாடத்தைப் பார்த்தேன். அதில் ஏழு துளை. ஒரு துளையில் ஆணியின் தலை இன்னும் இருந்தது.

"அவங்க துணிய அண்ணன் கிழிச்சுட்டான். அடிச்சான். தலைய இடிச்சான். உதைச்சான். பெல்ட்ட எடுத்தான். அன்னைக்கு மட்டும் இல்ல. குதிரை பழக்கற அன்னைக்கெல்லாம், பழக்காத அன்னைக்கெல்லாம். வாயில கரண்டி விட்டு — உங்க எல்லாருக்கும் கேக்கும் சார். எங்க ஜன்னலும் உங்க ஜன்னலும் எதிர் எதிர்தானே? எங்கம்மா சாத்தறது கேக்கும்ல? அவங்க ஒளிய ஓடினாங்க. அவன் சவுக்கோட போனான். நான் சொன்னேன், சட்டை இல்லாம போகாதன்னு சொன்னேன். அது தனக்குத்தான் பயப்படுதுன்னு போனான். இவர்தான் அன்னைக்குக் காலையில சட்டைக்குத்தான் பயப்படுதுன்னு கேலி பண்ணினார். குதிரைமேல தப்பு இல்ல. அதுக்கு அவன் யாருன்னே தெரியாது."

மூச்சு விட்டேனா தெரியவில்லை. கமா இல்லை, முற்றுப்புள்ளி இல்லை.

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். மேனேஜர் துப்பாக்கியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மார்ச் 7, சனி

அம்மா என் துணிகளையும் புத்தகங்களையும் முற்றத்தில் வீசிவிட்டாள். அடிக்கக் கை ஓங்கினாள், அடித்தாள். வாங்கிக்கொண்டேன். "அவன் ரத்தத்துலதான்டி நீ எழுதக் கத்துக்கிட்ட" என்றாள்.

ஆமாம்மா.

அண்ணியும் நானும் தையல் மெஷினை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நடந்தோம். கமா அக்காவின் மாடிப்படி குறுகல். திருப்பத்தில் மெஷின் சிக்கியது. அண்ணி, "பழக்காத மெஷின், முரண்டு பிடிக்குது" என்றாள். சிரித்தோம். பிறகு படியிலேயே உட்கார்ந்து அழுதோம்.

அவளுடைய பொட்டலத்தில் அந்தச் சட்டையும் இருந்தது. எதற்கு என்று கேட்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

புதுசைச் சுடவில்லை. விற்றுவிட்டார்கள், வேறொரு லாயத்துக்கு. ஏற்றும்போது ஒருவனின் விரல் போனதாம். எங்கே இருந்தாலும் அதற்கு இனி ஒரு புதுச் சட்டை.

ஏப்ரல் 9, வியாழன்

ஆசிரியர் மறுபடி கேட்டார்: குதிப்பதா, சுமப்பதா? ஒரு முடிவு வேண்டும்.

"ரெண்டையும் போடுங்க சார். உறுதியில்லைன்னு ஒரு வரி சேத்துடுங்க. உறுதியில்லாததைத் தள்ளினா அது பொய்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீங்க பேசுவீங்களாம்மா?"

மே 17, ஞாயிறு

காலை. அண்ணி பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். படியில் சத்தம். கட்டை ஊன்றி, நின்று, கட்டை ஊன்றி. அவள் கால் மிதிப்பதை நிறுத்தியது.

அண்ணன். பாதியாக இளைத்திருந்தான். தாடை ஒரு பக்கம் ஏறி ஒட்டியிருக்கிறது. என்னைப் பார்த்தான், பேச வாய் கோணியது. சட்டைப்பையில் ஒரு புதுப் பேனா இருந்தது. எடுக்கவில்லை.

உள்ளே கூப்பிடவில்லை நான். நாற்காலியை மட்டும் வாசலுக்குத் தள்ளினேன். அவன் உட்காரவில்லை.

"புதுசு போன லாயத்துல என்னைக் கூப்பிட்டிருக்காங்க" என்றான். சொற்கள் ஈரமாக வந்தன. "யாராலயும் பக்கத்துல போக முடியலையாம். சட்டை இருந்தா நான் முடிச்சுக் குடுத்துடுவேன்." அண்ணியிடம் திரும்பினான். "சட்டையக் குடு. போட்டுட்டுப் போகணும். நீயும் வா."

அண்ணி எழுந்தாள். அந்தச் செருப்புச் சத்தத்துக்கு நடுங்குகிறவள்தான். பின்பக்கம் போனாள். கொடியிலிருந்து எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

அவன் அதை முகத்துக்கருகே கொண்டுபோனான். மோந்து பார்த்தான். மறுபடி, ஆழமாக.

"துவைச்சுட்டேன்" என்றாள். "வந்த அன்னைக்கே. அப்புறம் வாராவாரம்."

அவன் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதை நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பினான். கட்டை ஊன்றி, நின்று, கட்டை ஊன்றி. கடைசிப் படிவரை சத்தம் கேட்டது.

அண்ணி கத்தரிக்கோலை எடுத்தாள். கூடாரத் துணி, உழைக்கும் துணி. பக்கத்து வீட்டுக்காரி காய்கறிப் பை கேட்டிருக்கிறாளாம். "கையத் தனியா வெட்டினா இன்னொரு சின்னப் பையே வரும் பாப்பா, பிடி இந்தப் பக்கம்."

பிடித்தேன்.